எஸ். எம். தார்ன்பியின் அண்ணன்

சவேரியார் கொட்டாய்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.
18.02.2024

மதிப்பிற்குரிய எஸ். எம். தார்ன்பி அவர்களுக்கு,

வணக்கம். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் நான் நினைக்கிற ஆள் என்றால் படித்துவிடுவீர்கள். இல்லையென்றால் குப்பையில் போடுங்கள். இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம். பதிப்பகத்துக்கு இரண்டு மெயில் போட்டேன். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று மெஷின் பதில் போட்டது. அதனால்தான் தபால்.

முதலில் பிழை. 'உப்புக் கலம்' நாவலின் பதினான்காம் அத்தியாயத்தில் விண்கலத்தின் குளிர் அறையில் அமோனியா கசிகிறது. மீட்டர் முள் ஏறும்வரை உள்ளே வேலை செய்கிறவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு. நான் பாலக்கோட்டில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். தக்காளி வைக்கிற இடம். எங்கள் கம்ப்ரஸரில் ஓடுவதும் அமோனியாதான். துளி கசிந்தாலும் மூக்கு எரியும், கண்ணில் நீர் கொட்டும். மீட்டர் எல்லாம் அப்புறம். அந்த ஆள் முதல் வாடையிலேயே வெளியே ஓடியிருப்பான். அவன் சாகவும் வேண்டியதில்லை, அவன் தங்கை வெளியிலிருந்து கதவை அடைக்கவும் வேண்டியதில்லை.

இரண்டாவது. அந்த ஆளின் பெயர் சின்னான். புத்தகம் முழுக்க வெள்ளைக்காரப் பெயர்கள், இது ஒன்று மட்டும் சின்னான். என் அப்பா சின்னப்பனை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். புதிய பதிப்பின் பின்னட்டையில் உங்கள் படம் போட்டிருக்கிறார்கள். அதிலிருப்பது என் அப்பாவின் மூக்கு. அப்பாவுக்குச் சகாயமேரி என்று ஒரு தங்கை. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனவர்.

நீங்கள் அவரா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சி. ரஞ்சித்குமார், பி.இ. (மெக்கானிக்கல்)


மோர்கம், இங்கிலாந்து.
20.03.2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள ரஞ்சித்குமாருக்கு அத்தை எழுதிக்கொள்வது.

ஆம்.

அதோடு நிறுத்தச் சொன்னாய். முடியவில்லை. தமிழில் கடைசியாக எழுதியது 1986-இல். நாலு காகிதத்தைக் கிழித்துவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன். என் கையெழுத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தைப் போல இருப்பதைக் கண்டு சிரிக்காதே.

ஃபோன் நம்பர் கேட்பாய், இந்தக் காலத்துப் பிள்ளை. எனக்குக் காது போய்விட்டது. இரண்டும். மெயில் போடலாம், ஆனால் தமிழில் அடிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் உனக்கு எழுத மாட்டேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கதை கட்டிவிடுவேன், அது தொழில் பழக்கம்.

அமோனியா விஷயம். அந்தப் புத்தகம் வந்தபோது பெரிய படிப்புப் படித்த ஒருவர், 'ஆசிரியரின் இயந்திர ஞானம் துல்லியமானது' என்று பத்திரிகையில் எழுதினார். அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரர் பீட்டரும் வெளியே போய் மீன் சாப்பிட்டோம். இத்தனை வருடம் கழித்து பாலக்கோட்டிலிருந்து நீ வந்து உடைக்கிறாய். சின்னான் ஓடியிருப்பான் என்று எழுதினாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் எப்படி இருக்கிறான்? சர்க்கரை, பிரஷர் ஏதும் உண்டா? நீ எனக்கு எழுதியது அவனுக்குத் தெரியுமா? வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்? நீ யாரோடு பேசுவாய்? ஒரு நாவலின் பதினான்காம் அத்தியாயத்தில் பிழை கண்டுபிடித்து ஐயாயிரம் மைலுக்குத் தபால் போடுகிற பையனுக்குப் பேச்சுத் துணை இருக்காது என்று தோன்றுகிறது. தப்பென்றால் திருத்து.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை
சகாயமேரி


சவேரியார் கொட்டாய்
07.04.2024

அன்புள்ள அத்தைக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம். நீங்களும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. சாப்பிடுகிறாரா என்றால் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். முழங்கால் வலி. ஆனாலும் தக்காளிக்குத் தண்ணீர் விடுவதை என்னிடம் தரமாட்டார். பி.இ. படித்தவனுக்கு வால்வு திருப்பத் தெரியாதாம். அம்மா ஓசூரில், அக்காவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. இப்போது சொல்கிற மாதிரி இல்லை.

சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் எவனோ பிடிஎஃப் கொடுத்தான். உங்கள் புத்தகம் நான்கு அதில் இருந்தது. திருட்டு பிடிஎஃப்தான், மறைப்பானேன். புதிய பதிப்பைக் காசு கொடுத்து வாங்கினேன், சரியாகிவிட்டது. மூன்றாவது நாவல் நன்றாக இருந்தது. ஏழாவது தேறவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். கடிதம் போய்ச் சேர இருபது வருடம் ஆகிற தூரத்தில் இரண்டு கிரகம், பதில் வருவதற்குள் கேட்டவர் கிழவர் ஆகிவிடுகிறார். அதில் கேள்வியைத் தவிர வேறு எதுவுமே நடப்பதில்லை.

நேராகக் கேட்கிறேன். நர்ஸ் எப்படி விண்கலம் பற்றி எழுத ஆரம்பித்தீர்கள்? சொந்தப் பெயரில் ஏன் எழுதவில்லை? ஏன் நிறுத்தினீர்கள்? இணையத்தில் உங்களைப் பற்றி ஆறு வரிதான் இருக்கிறது, அதிலும் இரண்டு வரி ஒன்றையே சொல்கிறது.

வெயில் இங்கே மண்டையைப் பிளக்கிறது.

ரஞ்சித்


மோர்கம்
11.05.2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள ரஞ்சித்துக்கு,

சுகம். இங்கே வெயில் என்று ஒன்று வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனது. கடற்கரையில் நாய்களும் நானும் நடந்தோம்.

ஏழாவது நாவல் தேறவில்லை என்று சொன்ன இரண்டாவது ஆள் நீ. முதல் ஆள் பீட்டர். கேஸ் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. என் கையெழுத்துப் பிரதியை எல்லாம் அவர்தான் டைப் அடிப்பார். ஏழாவதை அடிக்கும்போது மேஜையிலேயே தூங்கிவிட்டார்.

1977-இல் பர்ன்லி ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மில்லில் பஞ்சுத் தூசி தின்று நுரையீரல் போன கிழவர்களின் வார்டு. ஒரு மனிதனை அடைத்த அறையில் வைத்து, குழாயில் காற்றுக் கொடுத்து, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். விண்கலம் என்பது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பெயிண்ட்.

சொந்தப் பெயரில் எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று பதிப்பாளர் சொன்னார். பெண் என்பது ஒன்று, மேரிக்கு முன்னால் ஒரு சகாயம் இருப்பது இன்னொன்று. முதலெழுத்துப் போட்டார்கள், பீட்டரின் குடும்பப் பெயரைச் சேர்த்தார்கள். வாசகர்கள் என்னைத் தாடி வைத்த ஆளாக நினைத்துக்கொண்டார்கள். மூன்றாவது நாவலுக்குப் பரிசு கொடுக்க ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்றவன் என்னைப் பார்த்ததும் கையில் டீ டிரேயைக் கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டு போய் நாலு மேஜைக்கு டீ கொடுத்துவிட்டு, பெயர் கூப்பிட்டதும் மேடை ஏறினேன். கைதட்ட அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நிறுத்தவில்லை, நிறுத்தப்பட்டேன். ஒன்பதாவது நாவல் விற்கவில்லை. பதிப்பகத்தை வேறொருவன் வாங்கினான், என்னை வாங்கவில்லை. பென்ஷன் வரும்வரை நர்ஸ் வேலைதான் பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகை 'மறைந்த எஸ். எம். தார்ன்பி' என்று எழுதியது. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதிப்போட்டேன். அடுத்த இதழில் பொடி எழுத்தில் போட்டார்கள். அதைப் பார்த்து என் பழைய வாசகர் ஒருவர்கூட எழுதவில்லை. பீட்டர் போய்விட்டிருந்தார். அவர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். போன வருடம்தான் ஒரு எடிட்டர் பெண் என் பழைய புத்தகங்களைத் தேடி எடுத்து மறுபடி போட்டாள்; உன் தபாலை எனக்கு அனுப்பிவைத்தவளும் அவள்தான்.

இப்போது முக்கியமான விஷயம். ஆத்தாவின் கல்லறையை நான் பார்த்ததில்லை. வரும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வருகிறேன். அண்ணனிடம் நீ முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். கேட்டால் வேண்டாம் என்பான். நேரில் வந்து நின்றால் விரட்ட மாட்டான், அவனை எனக்குத் தெரியும். எங்கே இறங்கி எப்படி வருவது என்று மட்டும் எழுது.

யாரோடு பேசுவாய் என்று கேட்டேனே, அதற்குப் பதில் வரவில்லை.

அன்புடன் அத்தை


சவேரியார் கொட்டாய்
29.05.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். அப்பாவும் நலம். நீங்கள் நலமாக இருந்தால் சரி, ஆனால் இந்தப் பயணத்துக்கு அந்த நலம் போதாது.

நவம்பரில் வரவேண்டாம். காரணம் சொல்கிறேன். நவம்பர் மழை மாதம். பாலக்கோட்டிலிருந்து கொட்டாய்க்கு வருகிற ரோட்டைக் குழாய் போடத் தோண்டிவிட்டார்கள், ஆட்டோக்காரன் பாதியில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். பெங்களூர் வழியாக வந்தால் ஓசூர் டிராஃபிக்கில் மூன்று மணி நேரம் போகும். சென்னை வழியாக வந்தால் ரயிலில் மொரப்பூரில் இறங்கி பஸ் மாற வேண்டும். காது கேட்காத ஆள் அங்கே தனியாக நின்று எதைக் கேட்டு எந்த பஸ் ஏறுவது? எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் வேலிமுள் மண்டிக் கிடக்கிறது. கொசு. தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, அங்கே குடித்துப் பழகிய வயிறு. விமான டிக்கெட் அந்த சமயத்தில் தீபாவளியால் எகிறும். உங்களுக்கு வயது அறுபத்தொன்பது. அப்பாவுக்கு அதிர்ச்சி கூடாது, சர்க்கரைக்காரர்.

பொங்கல் முடிந்து வாருங்கள். ஜனவரிக் கடைசி. பனி விலகியிருக்கும், ரோடும் போட்டிருப்பார்கள். நானே பெங்களூருக்கு வண்டி வைத்துக்கொண்டு வருகிறேன்.

கல்லறையைப் பார்க்கத்தானே? அது எங்கேயும் போகாது. போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ரஞ்சித்


மோர்கம்
02.07.2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள ரஞ்சித்துக்கு,

சுகமே. உன் சுகத்தைத்தான் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

நீ எழுதியதிலேயே இப்படி மூச்சு விடாமல் காரணம் அடுக்கிய கடிதம் இதுதான். நீ காரணம் சொல்கிறவன் இல்லை. தப்பு என்றால் தப்பு என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறவன். ஒன்பது நாவல் பொய் எழுதியவள் நான். ஒரு காரணம் உண்மையாக இருந்தால் பத்தாவது காரணம் தேவைப்படாது.

அண்ணன் என்னை வரக்கூடாது என்றானா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும்.

அத்தை


சவேரியார் கொட்டாய்
20.07.2024

அன்புள்ள அத்தைக்கு,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். அதைத்தான் நலம் விசாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்லை. அவர் வரக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. நம் ஊரில் நீங்கள் செத்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஆயா, அதாவது உங்கள் ஆத்தாவின், கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்போம். செவ்வந்தி மாலை போட்டு மூன்று மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று ஆயாவுக்கு. மூணாவது யாருக்கு என்று ஆறாவது படிக்கும்போது கேட்டேன். 'உங்க அத்தைக்குடா, லண்டன்ல பனிக்காய்ச்சல்ல செத்துட்டா' என்றார் அப்பா. அதற்கப்புறம் அந்த மூன்றாவதை நான்தான் ஏற்றிவந்தேன். போன நவம்பர்வரை. ஜனவரியில் உங்கள் படத்தைப் பார்த்தேன்.

ஓசூருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அப்பா கல்யாணமான புதிதில் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஆயா செத்தபோது உங்களுக்குத் தந்தி அடித்திருக்கிறார். மூன்று நாள் ஐஸ் வைத்து உடம்பைப் போட்டு வைத்திருந்தார்களாம். நீங்கள் வரவில்லை, பதிலும் இல்லை. அடுத்த மாதம் தபாலில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே 'உப்புக் கலம்'. இங்கிலீஷ் தெரியாது என்பதால் அப்போதிருந்த பங்குச் சாமியாரிடம் எடுத்துப் போயிருக்கிறார். அவர் படித்துவிட்டு, 'உன் தங்கச்சி கெட்டிக்காரி. கதையில அண்ணன் பேரு சின்னான். தங்கச்சி கதவை அடைச்சிடறா, அவன் உள்ளயே செத்துப்போறான்' என்று சொல்லியிருக்கிறார். ஆத்தா சாவுக்கு வராதவள், தன்னைச் சாகடித்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள் என்று அப்பா எடுத்துக்கொண்டார். அந்த வாரமே நீங்கள் செத்துவிட்டதாக ஊருக்குச் சொல்லிவிட்டார். பூசை வைத்து, முப்பதாம் நாள் ஊருக்கே சோறு போட்டிருக்கிறார்.

நீங்கள் வந்து நிற்கிறேன் என்ற அதே நாளில், அதே இடத்தில், உங்களுக்கு மெழுகுவர்த்தி எரியும். வராதீர்கள் என்றது அதற்குத்தான். ரோடு தோண்டியது உண்மைதான்.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உயிரோடிருக்கும் ஆளுக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்பாவின் கோபம் இறங்கவே இல்லை என்று நினைக்கிறேன். நான் ஏதும் செய்ய முடியாது.

ரஞ்சித்


மோர்கம்
04.09.2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள ரஞ்சித்துக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்கத்தான் நாள் ஆனது.

பத்திரிகைக்காரன் என்னைச் சாகடித்தபோது திருத்தம் கேட்டு எழுதினேன். அண்ணனிடம் எங்கே போய்க் கேட்பது? முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன், வருடா வருடம் எனக்காக வெளிச்சம் வைத்த வீடு உலகத்தில் அது ஒன்றுதான். இங்கே நான் செத்தால் வைக்க ஆளில்லை.

அண்ணனிடம் இதைப் படித்துக்காட்டு. இனி எழுதுவது அவனுக்கு.

அண்ணா, தந்தி வந்தது. அதை பீட்டர்தான் வாங்கினார். அந்த வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், நர்ஸாக இல்லை. ஆறாம் மாதத்தில் பிள்ளை போய்விட்டது. வேறு பிள்ளை வரவில்லை. ஆத்தா போனதை பீட்டர் எனக்குச் சொல்ல மூன்று வாரம் ஆனது. உனக்கு உடனே எழுத உட்கார்ந்தேன். பிள்ளையைப் பற்றி எழுதாமல் எப்படி எழுதுவது, எழுதினால் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாள் போனது. பார்சல் என் கையால் அனுப்பியது இல்லை. புத்தகம் வந்ததும் அண்ணனுக்கு ஒன்று போகவேண்டும் என்று பதிப்பாளரிடம் முன்னாலேயே உன் விலாசம் கொடுத்திருந்தேன். அவர்கள் பாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கடிதம் போகாமல் புத்தகம் மட்டும் போய்விட்டது. பிறகு நான் போட்ட இரண்டு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. அதோடு நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் கதையில் மீட்டர் முள் ஏறி எல்லாரும் ஓடிப்போகும்போது ஒருவன் மட்டும் நின்று வேலையை முடிக்கிறான். அப்படி நிற்கிறவன் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள்தான். அதனால்தான் உன் பெயர் வைத்தேன். உன்னைக் கொல்ல இல்லை.

ரஞ்சித், அவ்வளவுதான். எனக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. உனக்கு வால்வு தெரியும், விளக்க வேண்டாம். அக்டோபர் கடைசியில் மாற்றுகிறார்கள். அதனால் கல்லறைத் திருநாளுக்கு வரமுடியாது, உன் ரோடும் கொசுவும் ஜெயித்துவிட்டன. அதற்கப்புறம் வரலாமா என்பதை அண்ணன் சொல்லட்டும்.

அத்தை


சவேரியார் கொட்டாய்
22.09.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். வால்வு விஷயத்தை ஏன் கடைசியில் நாலு வரியில் எழுதினீர்கள்? எந்த வால்வு, என்ன வகை, எந்த ஆஸ்பத்திரி, தேதி என்ன? முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அப்பா சொட்டுநீர்க் குழாயின் ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, 'மேரி அத்தை லெட்டர் போட்டிருக்காங்க' என்றேன். கை நிற்கவில்லை.

'யாரு?'

'உங்க தங்கச்சி.'

'எத்தினி நாளா நடக்குது இது?'

'பிப்ரவரியிலிருந்து.'

'வூட்ல ஒரு வார்த்தை பேச மாட்ட. சீமைக்கு லெட்டர் போடத் தெரியுது. படி.'

படித்தேன். எல்லாக் கடிதமும் படித்து முடிந்ததும், 'அந்த ஆஸ்பத்திரி சங்கதிய மறுபடி படி' என்றார். மறுபடி படித்தேன். ஃபில்டரை மூன்றாவது தடவை கழுவினார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கோபத்தில் கத்துவார் என்று காத்திருந்தேன்.

'வரச் சொல்லட்டுமா?' என்றேன்.

'வந்து? ஊருக்கு என்னடா சொல்றது? ஏதோ ஒரு கோவத்துல சொல்லிப்புட்டேன். கோவம் ரெண்டு வருசத்துல போயிடுச்சு, சொன்னது போவலியே. அவகூடப் படிச்ச குள்ளம்மா நம்ம வூட்டு வாசல்ல வுழுந்து அழுதா. ஊரே வந்து சோறு தின்னுட்டு எங்கையப் புடிச்சிக்கிட்டு ஆறுதல் சொல்லிச்சு. இப்பப் போயி அது பொய்யின்னு எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு சொல்றது? திரும்பிப் போன லெட்டர் ரெண்டையும் நான்தான்டா திருப்புனேன். போஸ்ட்மேன் கையில எழுத்தப் பாத்ததும் பயம். வாங்குனா அவ உசுரோட இருக்கான்னு ஆயிடும்ல.'

நான் கணித்தது தப்பு. கோபம் என்று எழுதினேன், வெட்கம். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லை எனக்கு.

சாப்பிடும்போது, 'அவளுக்கு ரெண்டு காதும் கேக்கலியாமா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். 'சின்னதுலயே சீழ் வடியும். ஆத்தா எண்ணெ காய்ச்சி ஊத்துவா' என்றார். ஆனால் வரச் சொல்லவில்லை.

ஆபரேஷன் தேதி எழுதுங்கள்.

ரஞ்சித்


சவேரியார் கொட்டாய்
05.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை பதில் தெரிந்தே ஆக வேண்டிய கேள்வி இது.

செப்டம்பர் கடிதத்துக்குப் பதில் இல்லை. உங்கள் எடிட்டர் பெண்ணுக்கு மெயில் போட்டேன். இந்தத் தடவை ஆள்தான் பதில் போட்டது. ஆபரேஷன் 28-ஆம் தேதி நடந்ததாம். அதற்கப்புறம் அவருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் குடும்பத்தாருக்கு மட்டும்தான் சொல்வார்களாம். நான் குடும்பம்தான் என்று ஃபோன் போட்டேன். பெயரைக் கேட்டார்கள். நீங்கள் எழுதிக்கொடுத்த தாளில் உறவினர் என்ற இடம் காலியாக இருக்கிறதாம். வைத்துவிட்டார்கள்.

கல்லறைத் திருநாளன்று நடந்ததைச் சொல்கிறேன். சுண்ணாம்பு அடித்தோம், மாலை போட்டோம். அப்பா இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கல்லறையில் குள்ளம்மாள் இருந்தார், உங்கள் கூடப் படித்தவர்.

'ஏங்கண்ணா, மேரிக்கு ஏத்தல? மறந்துட்டீங்களா?'

'அவளுக்கு எதுக்கு? அவ உசுரோட இருக்கா.'

மந்திரித்த தண்ணீரோடு வந்த சாமியார் நின்றுவிட்டார். சுற்றி நாற்பது ஐம்பது பேர். அப்பா எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, 'செத்துட்டான்னு நான் சொன்னது பொய்யிங்க. அவ மேல இருந்த ஆத்தரத்துல சொன்னேன். இங்கிலாந்துல இருக்கா. புத்தகம் எழுதுறா' என்றார்.

பிறகு குள்ளம்மாள், 'அப்ப நான் அழுத அழுவ?' என்றார்.

'வேற யாருக்காச்சும் வரவு வெச்சிக்க.'

'போட்ட சோறு?'

'சோறு சோறுதான். தின்னீங்கல்ல?'

சாமியார் இளவட்டம், நம் பங்குக்கு வந்து மூன்று வருடம்தான். 'பெரியவரே, நான் மூணு வருசமா அவங்க ஆன்மாவுக்குப் பூசை வெச்சிட்டிருக்கேன்' என்றார் பரிதாபமாக. 'வீண் போவாதுங்க சாமி, வேண்டியவங்க யாருக்காச்சும் போய்ச் சேரும்' என்றார் அப்பா. யாரோ சிரித்தார்கள். யாரோ திட்டினார்கள். குள்ளம்மாள் இன்றுவரை அப்பாவோடு பேசவில்லை. ஆனால் வாசலில் நின்று என்னிடம், 'மேரி எப்பப்பா வர்றா?' என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

யாரோடு பேசுவாய் என்று இரண்டு தடவை கேட்டீர்கள். யாரோடும் இல்லை. பிளான்ட்டில் ஆபரேட்டரிடம் பிரஷர் எவ்வளவு என்று கேட்பேன், அவர் சொல்வார். சேர்ந்து படித்தவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அதைப் பிரச்சினை என்று நான் நினைத்ததில்லை, பிப்ரவரிவரை. ஏழாவது நாவலை மறுபடி முழுதாகப் படித்தேன். முன்பு சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

நர்ஸிடம் சொல்லி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

ரஞ்சித்


சவேரியார் கொட்டாய்
15.12.2024

சேசு மரி சூசை துணை

மேரிக்கு சின்னான் எழுதறது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியான்னு தெரியல. பையன் தெனம் போஸ்டாபீசுக்குப் போயிட்டு வரான். வந்து ஒண்ணும் சொல்ல மாட்டான், செருப்பக் கழட்டுற தினுசுலயே தெரிஞ்சிடும். அவன எழுத வேணாம், நான் எழுதறேன்னு சொல்லி காகிதம் வாங்கினேன். எழுத்து கோணல்மாணலா இருக்கும், பொறுத்துப் படி.

புள்ள போன சங்கதி எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் இப்பிடிப் பண்ணியிருக்க மாட்டேன். உன் ரெண்டு லெட்டரையும் நான் திருப்பி அனுப்புனது தப்பு. ஆத்தா இருந்திருந்தா என்னைச் செருப்பால அடிச்சிருப்பா.

பையன் அந்தக் கதைய எனக்குத் தமிழ்ல படிச்சிக் காட்டுறான். தெனம் கொஞ்சம். வூட்ல இப்ப பேச்சு சத்தம் கேக்குது. சின்னான் சாவுற எடத்துல நிறுத்திட்டு, அந்த ஆளு ஓடியிருப்பான்பா, வாடையே காட்டிக் குடுத்துடும்னு சொன்னான். உங்கத்த எழுதுனதுதான் சரி, வேலை பாதியில இருக்கறப்ப நான் ஓட மாட்டேன்னு சொன்னேன். ரெண்டு பேருக்கும் சண்ட.

மேலண்ட அறையில சாமான எல்லாம் எடுத்துட்டோம். நீ ஒக்கார்ற மாதிரி கக்கூசு வெக்கச் சொல்லி கொத்தனாரு வந்து அளந்துட்டுப் போயிருக்கான். ரோடு இன்னும் போடல.

ஊர்ல தெனம் கேக்கறாங்க. சந்தைக்குப் போனா காரிமங்கலத்து ஆளுங்ககூட கேக்கறாங்க. செத்துப்போன தங்கச்சி வர்றாளாமேன்னு. ஆமா வர்றா, உடம்பு சொகமானதும் வந்துடுவான்னு சொல்லிக்கிட்டிருக்கேன். சிரிக்கறவன் சிரிக்கறான். எனக்கு ஒண்ணுமில்ல.

மேரி, நீ உசுரோட இருக்கன்னு கல்லறையில நின்னு அத்தினி பேரு முன்னால சொல்லிப்புட்டேன். என்னைய மறுபடியும் பொய்யனாக்கிடாத.

உன் அண்ணன்
சின்னான்